பெட்ரோல் மிச்சம் பிடித்த வருஷம்

காரை விற்றுவிட்டு மோட்டார் சைக்கிள் வாங்கினால் வாரத்துக்கு எவ்வளவு மிச்சமாகும் என்று என் வீட்டுக்காரர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுக்கொண்டு வந்து காட்டியபோது, நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கை கழுவிவிட்டு வருகிறேன் என்றேன். அதற்குக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. தாளை என் மூக்குக்கு நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது பக்கம் கார், வலது பக்கம் பைக். கார் பக்கம் பெட்ரோல், எஞ்சின் ஆயில், டயர் என்று வரி வரியாக நீண்டுகொண்டே போயிற்று. பைக் பக்கம் நாலே வரி. அடியில் ஒரு தொகை, அதைச் சுற்றி ஒரு வட்டம்.

"பாத்தியா? பாதிக்கு மேல மிச்சம்" என்றார்.

"மழை எந்த வரியில இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. ஃபிஜியில் லவுத்தோக்கா பக்கம் இருப்பவர்கள் மழைக்கு ஏங்குவார்கள். நாங்கள் இருந்த வுனிமோனோவில், நவுசோரியைச் சுற்றி எல்லா இடத்திலும், துணி காய்வதற்குத்தான் ஏங்க வேண்டும். அந்த ஊரில் கூரை இருக்கிற வண்டியைக் கொடுத்துவிட்டுக் கூரை இல்லாத வண்டியை வாங்க ஒரு மனிதன் கணக்குப் போடுகிறான் என்றால் அவனுக்கு என்ன நெருக்கடி என்று யாராவது யோசித்திருக்க வேண்டும். யோசித்தார்கள். தப்பாக யோசித்தார்கள். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அது எண்பத்தெட்டு. முந்தின வருஷம் ராணுவம் இரண்டு தடவை ஆட்சியைப் பிடித்திருந்தது. டாலரின் மதிப்பைக் குறைத்தார்கள், பெட்ரோல் ஏறியது, அரிசி ஏறியது, ஏறாதது சம்பளம் மட்டும்தான். என் வீட்டுக்காரர் சுவாவில் ஒரு இரும்புச் சாமான் கடையின் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நாள் வேலையை நாலு நாளாக ஆக்கிவிட்டார்கள். நான் ரேவா ஆற்றுப் பாலம் தாண்டி சுவா போகிற வழியில் ஒரு தையல் ஃபேக்டரியில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஒரே மகள், அப்போது பதிமூன்று வயது. காலையில் மூன்று பேரும் காரில் ஏறுவோம். மகளை நவுசோரியில் பள்ளிக்கூட வாசலில் இறக்கி, என்னை ஃபேக்டரியில் இறக்கி, அவர் சுவா போவார். பாலத்தில் எப்போதும் வண்டிகள் வால் பிடித்து நிற்கும். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பெட்ரோல் முள் இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். நானும் மகளும் பேசினால் கோபித்துக்கொள்வார், நாங்கள் பேசுவதால்தான் பெட்ரோல் தீர்கிறது என்பதுபோல.

இவ்வளவு மிச்சம் பிடிக்க வேண்டியதற்குக் காரணம் வீடு. வீடு எங்களுடையது, நிலம் எங்களுடையது இல்லை. அடி நிலம் பக்கத்து கோரோவைச் சேர்ந்த ஒரு ஃபிஜியன் குடும்பத்துக்கு உரியது. அவர்கள் ஊரை கோரோ என்றுதான் நாங்களும் சொல்வோம். பத்திரம் கிடையாது, காகிதம் கிடையாது. என் மாமனார் காலத்தில் அந்தக் குடும்பத்துப் பெரியவரிடம், இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற நங்கோனா வேரைக் கட்டாகக் கொண்டுபோய் முன்னால் வைத்து, பாயில் உட்கார்ந்து, கைதட்டிக் கேட்டு வாங்கிய வாய் வார்த்தை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை போய் அந்த வார்த்தையைப் புதுப்பித்துக்கொண்டு வர வேண்டும். வருஷ வாடகை தனி. புதுப்பிக்கும்போது மேலே ஒரு தொகை வைக்க வேண்டும், அதற்கு குட்வில் என்று பெயர். அந்த ஐந்து வருஷம் எண்பத்தெட்டு டிசம்பரோடு முடிகிறது. வெறுங்கையோடு போய் உட்கார முடியாது. அந்தத் தொகைக்காகத்தான் பைக். பைக்கினால் மிச்சமாவதை டிசம்பர்வரை சேர்த்தால் குட்வில் சரியாக வந்துவிடும் என்பது அவர் போட்ட வட்டத்தின் அர்த்தம்.

வீடு போனால் எங்களுக்குப் போக இடமில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்போது ஊரே எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. கனடா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா. வெள்ளிக்கிழமை ஃபேக்டரியில் பக்கத்து மெஷினில் இருந்தவள் திங்கட்கிழமை இருக்கமாட்டாள். நாங்களும் கனடாவுக்கு மனுப் போட்டோம். யாருக்கும் தெரியாமல்தான் போட்டோம், எல்லோரும் அப்படித்தான். பிப்ரவரியில் ஒரே ஒரு பக்கத்தில் பதில் வந்தது. வயதுக்கு இவ்வளவு பாயிண்ட், படிப்புக்கு இவ்வளவு, தொழிலுக்கு இவ்வளவு என்று கூட்டினால் எங்களுக்குப் போதவில்லை. நாற்பத்தாறு வயதில் ஆணியையும் போல்ட்டையும் எடை போடத் தெரிந்த ஆள் அவர்களுக்கு வேண்டாமாம். அந்தக் காகிதத்தை நான்தான் அடுப்பில் போட்டேன். எனக்கு வந்தது துக்கம் இல்லை, அவமானம். எல்லோரையும் எடுத்துக்கொள்கிறார்கள், நம்மை மட்டும் திருப்பி அனுப்புகிறார்கள் என்று இருந்தது. மனுப் போட்டதே யாருக்கும் தெரியாது என்பதுதான் ஒரே ஆறுதல்.

பைக் விஷயத்தில் நான் ஒரு மாதம் சண்டை போட்டேன். "மூணு பேரும் எப்படிங்க போவுறது?" என்றால், "நீயும் நானும் பைக்ல. அவ பஸ்ல" என்றார். மகளுக்குத் தமிழ் புரியும், பேச வராது, வாயைத் திறந்தால் ஹிந்திதான். "ஹம் நை பைட்டேகா" என்று சொல்லிவிட்டாள். பைக்கில் ஏறவே மாட்டாளாம். அவளை யாரும் ஏறச் சொல்லவில்லை என்பதை அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏப்ரலில் காரை விற்றார். அந்த நேரத்தில் கார் விற்பது மாதிரி மடத்தனம் கிடையாது. ஊரைவிட்டுப் போகிறவர்கள் எல்லோரும் விற்கிறார்கள். நவுசோரி மார்க்கெட் பக்கத்தில் கண்ணாடியில் காகிதம் ஒட்டிய கார்கள் வரிசையாக நிற்கும். வாங்க வந்தவர் டயரைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, நாங்கள் நினைத்ததில் முக்கால் விலை கேட்டார். இவர் கொடுத்துவிட்டார். பைக் விலையோ ஏறிக் கிடந்தது. சுவாவில் நில அளவை வேலை பார்த்த ஒருவர் நியூசிலாந்து போகும்போது விட்டுப்போன சிவப்பு பைக்கைக் கடைசியில் வாங்கினார். ஆக, கணக்கில் முதல் ஓட்டை வண்டி வீட்டுக்கு வருமுன்னே விழுந்துவிட்டது. நான் அதைச் சொன்னேன். "நீ சும்மா இரு, புள்ள. பெட்ரோல்ல வந்துடும்" என்றார்.

கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டி, பூசாரி ஹேண்டிலில் மஞ்சள் துணி கட்டினார். திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. நான் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்து, ஹெல்மெட்டுக்குள் தண்ணீர் இறங்க, அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். முன்னால் போன பஸ் ஒரு பள்ளத்துத் தண்ணீர் முழுவதையும் எங்கள்மேல் எடுத்து ஊற்றியது. வீட்டில் இறங்கியதும் அவர் முதலில் பார்த்தது பெட்ரோல் டேங்கைத்தான். மூடியைத் திறந்து, உள்ளே குச்சி விட்டு அளந்து பார்த்து, முகம் மலர்ந்து நின்றார். அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பெட்ரோல் மிச்சமானது என்னவோ உண்மை. கார் ஒரு வாரத்தில் குடித்ததை இது மூன்று வாரம் குடித்தது. பாலத்தில் நிற்க வேண்டியதில்லை, வண்டிகளுக்கு நடுவே நுழைந்து போய்விடலாம். ஆனால் மகளுக்கு பஸ் காசு. இரண்டு பேருக்கு மழைக்கோட்டு. கல் ரோட்டில் பின் டயர் மாதத்துக்கு ஒருமுறை பஞ்சர். மழை அடித்து ஊற்றுகிற நாளில் நானும் பஸ். எனக்கு நெஞ்சில் சளி கட்டி ஒரு வாரம் படுத்தபோது மருந்து, டாக்ஸி, கைவிட்டுப் போன ஒரு வாரச் சம்பளம். இதெல்லாம் காலண்டர் தாளில் இல்லை. பிறகு ஒவ்வொன்றாக வலது பக்கத்தில் ஏறியது. நாலு வரி பதினோரு வரி ஆனது. அப்படியும் கொஞ்சம் மிஞ்சியது. அதை அவர் ஒரு பால்பவுடர் டின்னில் போட்டு வந்தார்.

இப்போது ஊர் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் வெளிநாடு போகிறது என்றால் வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் கண் படும், முதலாளி வேலையை விட்டு நிறுத்துவான், வீட்டில் ரொக்கம் இருக்கிறது என்று திருடன் வருவான். கேட்டால், "நாங்க எங்க போறோம், இங்கதான்" என்பார்கள். அடுத்த மாதம் ஏர்போர்ட்டில் நிற்பார்கள். அதனால் யாரும் வாயை நம்புவதில்லை, காரைத்தான் பார்ப்பார்கள். கார் போய்விட்டால் குடும்பம் போகிறது என்று அர்த்தம். முதலில் கார், பிறகு தையல் மெஷின், பிறகு கட்டில், கடைசியில் ஒரு நாள் சாவி.

எங்கள் கார் போன ஒரு வாரத்தில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நாலு வீடு தள்ளி இருந்த ஒரு அம்மா வந்து காபி குடித்துவிட்டு, எழுந்து போகும்போது எங்கள் அலமாரியின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். "இது நல்ல மரம்லா. யார்கிட்டயும் சொல்லிடாத, நான் எடுத்துக்கறேன்" என்றாள். இன்னொருவர் கோழிக்கூண்டை அளந்துகொண்டு போனார். மூலைக் கடைக்காரர், பதினைந்து வருஷமாகக் கடன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவர், இனிமேல் ரொக்கம் என்றார். என் வீட்டுக்காரர் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் காலண்டர் தாளை எடுத்து விரித்து, கார் இவ்வளவு குடிக்கும், பைக் இவ்வளவு குடிக்கும் என்று விளக்கினார். அவர்கள் தலையை ஆட்டிக் கேட்டார்கள். வாசல் தாண்டியதும், "எவ்வளவு கெட்டிக்காரத்தனமா மறைக்கிறாரு பாரு, கணக்கெல்லாம் எழுதி வச்சிருக்காரு" என்று பேசிக்கொண்டு போனார்கள். இல்லை என்று சொல்லச் சொல்ல அது ஆமாம் ஆகிக்கொண்டே போனது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிசம்பர் தாண்டியும் நாம் இங்கேதானே இருக்கப்போகிறோம், அப்போது தெரிந்துகொள்வார்கள் என்றார்.

இதுவரை எல்லாம் அவர் செய்தது. இனிமேல் வருவது நான் செய்தது.

ஃபேக்டரியில் என்கூட ஒருத்தி காலர் தைத்தாள். என்னைவிட இளையவள், அக்கா என்று கூப்பிடுவாள். அவளுக்குக் கனடாவில் வேன்கூவரிலிருந்து அண்ணன் ஸ்பான்சர் செய்து காகிதமெல்லாம் வந்துவிட்டது. அவள் மட்டும் மறைக்கவே இல்லை. சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறந்துகொண்டு அங்கே ஹீட்டர் இருக்கிறது, அங்கே பஸ் நேரத்துக்கு வரும் என்று பேசுவாள். நான் ரொட்டியும் சட்னியும் தின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள் காலையில் மழை. முழங்கால்வரை சேறோடு, தலைமயிர் சொட்டச் சொட்டப் போய் மெஷினில் உட்கார்ந்தேன். மேற்பார்வை பார்க்கிறவள் எல்லோர் முன்னிலையிலும், துணி நனைந்தால் உன் கூலியில் பிடிப்பேன் என்று கத்தினாள். சாப்பாட்டு வேளையில் இவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாக, ரொம்ப இரக்கமாகக் கேட்டாள்.

"அக்கா, உண்மையைச் சொல்லு. நீங்க போறதுக்காகத்தான காரை வித்தீங்க? இல்ல, நெசமாவே பெட்ரோல் போட முடியலையா?"

அந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. சுற்றி ஆறு பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பெட்ரோல் போட முடியவில்லை என்பதுதான் பதில். அதைச் சொல்ல இரண்டு நொடி போதும். எனக்கு வாய் வரவில்லை. எரிச்சலோடு, தலையை நிமிர்த்திக்கொண்டு, "போறோம்தான். யார்கிட்டயும் சொல்லாத" என்றேன்.

"எங்கக்கா?"

"கனடாதான். வருஷக் கடைசியில" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். அன்று மத்தியானமே மேற்பார்வைக்காரி என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினாள். அதன்பிறகு ஐந்தாறு மாதம் நான் சேற்றோடு போனாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை, போகிறவள்தானே என்று விட்டுவிட்டார்கள். சாப்பாட்டு வேளையில் இடம் விட்டு உட்காரவைத்தார்கள். குளிருக்கு எப்படிக் கோட்டு வாங்க வேண்டும் என்று இவள் சொல்லித்தந்தாள், நானும் கேட்டுக்கொண்டேன். மகளுக்கு அங்கே எந்தப் பள்ளி என்று கேட்டார்கள், அதற்கும் ஏதோ சொன்னேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த மாதங்கள் எனக்குச் சந்தோஷமாக இருந்தன. அடுப்பில் போட்ட காகிதத்துக்கு வேறு பதில் வந்துவிட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்தால் பால்பவுடர் டின்னைக் குலுக்கிப் பார்க்கிற மனிதர், மறுநாள் ஃபேக்டரிக்குப் போனால் கனடா.

அவளுடைய வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டினார். சனிக்கிழமை சாயங்காலம் அவர் நங்கோனா குடிக்கப் போவது எங்கள் நிலத்துக்காரரின் கோரோவுக்குத்தான். அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. வழியில் எத்தனையோ தடவை அவருடைய டாக்ஸி அந்தத் தென்னைமரத்தடியில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தும் என் மூளைக்கு எட்டவில்லை. அவர்கள் செப்டம்பரில் கனடா போய்விட்டார்கள். போகிற அன்று அவள் என்னைக் கட்டிக்கொண்டு, அங்கே பார்க்கலாம் என்று அழுதாள். நானும் அழுதேன்.

டிசம்பர் முதல் வாரம், ஒரு சனிக்கிழமை, மழை இல்லாத காலை. டின்னில் இருந்ததை எண்ணினார். குட்வில்லுக்குக் கொஞ்சம் குறைந்தது, என் வளையல் ஒன்றை விற்று நிரப்பினோம். மார்க்கெட்டில் நல்ல கட்டாகப் பார்த்து நங்கோனா வாங்கினார். வேரைச் செய்தித்தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி, என் மடியில் வைத்தார். நான் பைக்கில் ஒரு கையால் அவரையும் ஒரு கையால் அந்தக் கட்டையும் பிடித்துக்கொண்டு போனேன். அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். அடுத்த ஐந்து வருஷத்தில் குளியலறைக்கு சிமெண்ட் போட வேண்டுமாம். காரைப் பற்றி மறுபடி யோசிக்கலாமாம்.

நிலத்துக்காரர் பாயில் உட்கார்ந்திருந்தார். பெரியவர் செத்தபிறகு இவர்தான் அந்தக் குடும்பத்துக்குத் தலைவர், எங்கள் வயதுதான் இருக்கும். துரங்கா என்று கூப்பிடுவோம், தலைவர் என்று அர்த்தம். நல்ல மனிதர், எங்கள் கல்யாணத்துக்கு வந்து சம்மணம் போட்டுச் சாப்பிட்டவர். என் வீட்டுக்காரர் நங்கோனாவை முன்னால் வைத்து, தலை குனிந்து, முறைப்படி பேசினார். துரங்கா அதைத் தொடவில்லை. பிறகு எங்களோடு பேசுகிற அரைகுறை ஹிந்தியில், "பையா, தும் லோக் ஜாத்தா ஹை, ஹம் சுனா" என்றார். அண்ணா, நீங்க எல்லாம் போறீங்கன்னு கேள்விப்பட்டேன்.

"நஹி, துரங்கா. நாங்க எங்கயும் போகல" என்றார் இவர்.

துரங்கா வருத்தத்தோடு சிரித்தார். போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, போய் நன்றாக இருங்கள், ஆனால் நிலம் சும்மா கிடக்கக் கூடாது என்றார். சுவாவில் வாடகை கொடுக்க முடியாமல் அவருடைய தங்கை மகன் பிள்ளைகுட்டியோடு திரும்பி வந்திருக்கிறான். போன மாதம் நங்கோனா வைத்து, எல்லோரும் உட்கார்ந்து குடித்து, அந்த இடத்தை அவனுக்கு என்று வார்த்தை கொடுத்தாகிவிட்டது. கொடுத்த வார்த்தையைத் திருப்ப முடியாது.

என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்தார். அதை அவர் கொண்டுவந்திருந்தது எனக்குத் தெரியாது. பாயில் விரித்து வைத்து, மண்டியிட்டு, விரலால் ஒவ்வொரு வரியாகக் காட்டினார். இது கார், துரங்கா. இது பைக். இது பெட்ரோல். மிச்சம் பண்ணத்தான் வித்தேன், உங்களுக்குக் கொடுக்கத்தான் மிச்சம் பண்ணேன். பணத்தை எடுத்துத் தாளின்மேல் வைத்தார். துரங்கா முழுவதையும் கேட்டார், பாதியில் நிறுத்தவில்லை. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். இந்த மனிதன் பொய் சொல்லவில்லை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"யாரு சொன்னாங்க, துரங்கா? நாங்க போறோம்னு யாரு வந்து சொன்னாங்க?"

துரங்கா என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். என்ன நடந்திருக்கும் என்று அந்த ஒரு கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் சொல்லப்போகிறார், இங்கேயே, இந்தப் பாயிலேயே சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணை இறக்கிக்கொண்டார்.

"சப் லோக் போலா" என்றார். எல்லாரும் சொன்னாங்க. "கார் வித்துட்டீங்களே, பையா."

பணத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. நங்கோனாவை மட்டும் எடுத்துக்கொண்டார், மறுத்தால் மரியாதை இல்லை என்பதற்காக. பள்ளிக்கூடம் திறக்கும்வரை இருந்துகொள்ளுங்கள் என்றார். வெளியே வந்து பைக்கில் ஏறும்போது என் வீட்டுக்காரருக்கு எஞ்சின் பிடிக்கவில்லை. உதைத்து உதைத்துப் பார்த்தார். கோரோவின் பிள்ளைகள் கூடி நின்று பார்த்தார்கள். கடைசியில் தள்ளிக்கொண்டே ரோட்டுக்கு வந்தோம்.

எங்கள் பக்கத்தில் நிலம் போனால் வீட்டை விட்டுவிட்டுப் போகமாட்டார்கள், பிரித்து எடுத்துக்கொண்டு போவார்கள். மரமும் தகரமும்தானே. ஜனவரி முழுக்க அவர் கூரையில் ஏறித் தகரம் கழற்றினார். கழற்றிய ஆணிகளை ஒரு கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார், மறுபடி எங்கே அடிக்கப்போகிறோம் என்று தெரியாமலே. அலமாரிக்கு ஆசைப்பட்ட அம்மா வந்தாள், அலமாரி அவளுக்கே போனது. "கனடாவுல இதைவிட நல்லது வாங்கிக்கலாம்" என்றாள். நவுசோரியில் ஒரு கடையின் பின்பக்கத்தில் ஒரு அறை வாடகைக்குக் கிடைத்தது. தகரத்தையும் மரத்தையும் வைக்க அங்கே இடமில்லை, வந்த விலைக்குத் தள்ளினோம். பைக்கையும் விற்றார். வாங்கியதில் பாதி வந்தது.

அந்த அறையில்தான் மீதி வாழ்க்கை நடந்தது. அவரைப் பார்க்க யார் வந்தாலும், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும், அந்த வருஷத்துக்கு வந்து நிற்கும். "கணக்குல தப்பில்ல. காரை வித்ததுதான் தப்பு. ஊரு என்ன நினைக்கும்னு நான் யோசிக்கல. என் பொஞ்சாதி வேணாம் வேணாம்னு ஒரு மாசம் தலையால அடிச்சுக்கிட்டா, நான் கேக்கல" என்பார். வந்தவர்கள் என்னைப் பார்த்து, பாவம் என்று தலையை ஆட்டுவார்கள். நான் டீ போட உள்ளே போய்விடுவேன். முதல் வருஷம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். மகள் பரீட்சை முடியட்டும் என்று தள்ளினேன். பிறகு அவருக்கு ரத்தக்கொதிப்பு, அது இறங்கட்டும் என்று தள்ளினேன். மகள் கல்யாணம் செய்துகொண்டு ஆக்லாந்து போனாள். இரண்டாயிரத்தில் மறுபடி துப்பாக்கியோடு பாராளுமன்றத்தில் புகுந்தார்கள், மறுபடி ஊர் காலியானது. எங்களுக்கு விற்பதற்கு எதுவும் இல்லை. சொல்லாமலே பன்னிரண்டு வருஷம் போயிருந்தது, அதற்குமேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் சுவா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நான் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வருவேன். ஒரு மத்தியானம், பார்வையாளர் நேரம், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். போதும் என்று கையால் தடுத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "உனக்கு ஒரு வீடு இருந்துச்சு. நான் கெடுத்துட்டேன்" என்றார். "நீ ஒரு நாள்கூட என்னைக் குத்திக் காட்டினதில்ல. என்னை மன்னிச்சிடு, புள்ள."

வார்த்தை என் வாய்வரை வந்தது. நான் ஃபேக்டரியில் சொன்னேங்க, நான்தான் சொன்னேன் என்பது அப்படியே நாக்கில் இருந்தது. அவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அவர் கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, "எப்பவோ மன்னிச்சுட்டேங்க" என்றேன்.

அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. "நீ நல்லவ" என்றார்.